சுவர் எழுந்தது! வாழ்வு எழுந்ததா?

முழுநிலா நாளில் திருவண்ணாமலைக்கு வந்தவர்கள் அறிவார்கள். மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் பாதையிலே கால் வைக்க இடமிராது. ஆந்திரத்திலிருந்தும் கன்னடத்திலிருந்தும் வண்டி வண்டியாக மக்கள் வந்து இறங்குகின்றனர். பக்தியைப் பற்றிப் பேச நாம் வரவில்லை. அது அவரவர் நெஞ்சைப் பொறுத்தது. நாம் பேச வந்தது, இவ்வூரில் தங்குவோரைப் பற்றி.

ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தோர் இவ்வூரிலே மாதக் கணக்கில் தங்குகின்றனர். ஆசிரமத்தை அடுத்த தெருக்களிலே வாடகைக்கு வீடு பிடிக்கின்றனர். பால்காரரோடு பழகுகின்றனர், காய்கறிக் கடையிலே அரைகுறைத் தமிழில் பேரம் பேசுகின்றனர். நம் மக்களும் முகம் கோணாமல் அவர்களை வரவேற்கின்றனர். வந்தாரை வாழவைப்பது தமிழகத்தின் மரபு. அதிலே நமக்குப் பெருமைதான்.

ஆனால் இதே மாவட்டத்திலே, கடல் கடந்து வந்த இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் அரைகுறைத் தமிழ் பேசுவோர் அல்லர். நம்மினும் நல்ல தமிழ் பேசுவோர். தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் இரவோடிரவாகப் படகேறி, கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, இராமேசுவரம் கரையிலே இறங்கியவர்கள். அவர்கள் தங்கியிருப்பது வாடகை வீட்டிலே அல்ல, முகாமிலே. குறித்த நாளில் கணக்கெடுப்புக்கு நேரில் நிற்க வேண்டும். வெளியூர் சென்று தங்குவதென்றால் அனுமதி கேட்க வேண்டும். அங்கே பிறந்த குழந்தை அங்கேயே வளர்ந்து, அங்கேயே மணமுடித்து, அதற்கும் குழந்தை பிறந்துவிட்டது. இன்னமும் அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்ற கேள்விக்கு விடை பிறக்கவில்லை.

1983 முதல் இப்படி வந்தோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பலர் திரும்பினர்; பலர் வேறு நாடு சென்றனர். 2021-ல் தமிழகச் சட்டமன்றத்திலே தரப்பட்ட கணக்கின்படி, 108 முகாம்களிலே இருந்தோர் 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்ந்தோர் 34,087 பேர். போர் முடிந்ததோ 2009 மே மாதத்தில்!

போர் முடிந்து ஒன்றரைத் தலைமுறையாகப் போகிறது. ஊர் திரும்பச் சாலை உண்டு, இரயில் உண்டு, வானூர்தி உண்டு, கப்பலும் உண்டு. பின் ஏன் இம்மக்கள் திரும்பவில்லை?

வெளிநாட்டுக் கொள்கை வகுப்போர் ஆயிரம் பக்கங்களில் அறிக்கை எழுதட்டும். போரால் சிதைந்த ஒரு நாடு மீண்டுவிட்டதா, இல்லையா என்று அளந்தறிய நம்மிடம் ஒரே ஓர் அளவுகோல் உண்டு. உயிருக்கு அஞ்சி ஓடியவன், தானாக விரும்பி, பெண்டு பிள்ளைகளோடு திரும்பிச் செல்கிறானா? செல்கிறான் என்றால் நாடு மீண்டது. செல்லவில்லை என்றால், அங்கே எத்தனை மாளிகை எழுந்தாலும் மறுவாழ்வு முடியவில்லை என்றுதான் பொருள். இந்த அளவுகோலைக் கொண்டு டில்லியின் இலங்கைக் கொள்கையை அளந்து பார்ப்போம்.

கட்டியது என்ன?

டில்லி ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். உண்மையை ஒளித்து எழுதும் வழக்கம் நமக்கில்லை.

2009-ல் ஏறத்தாழ மூன்று இலட்சம் தமிழ் மக்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டபோது, இந்தியா அனுப்பிய மருத்துவக் குழு முதலிலே புல்மோட்டையிலும் பிறகு செட்டிகுளத்திலும் கூடாரம் அடித்து மருத்துவம் பார்த்தது. கண்ணிவெடி அகற்றுவோரை அனுப்பியது. உழவு இயந்திரங்களை அனுப்பியது. 2010-ல் 50,000 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. அவற்றில் 46,000 வீடுகள் வடக்குக்கும் கிழக்குக்கும், 4,000 மலையகத்துக்கு. பின்னர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று 2017-ல் அறிவித்தது. 1990-ல் நின்றுபோன யாழ்தேவி இரயில், இந்தியா தந்த கடனைக் கொண்டு இந்திய நிறுவனம் போட்ட தண்டவாளத்தின் மீது ஓடி, 2014 அக்டோபரிலே மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது.

அந்த வீட்டுத் திட்டத்திலே பாராட்டத்தக்க அம்சம் ஒன்றுண்டு. ஒப்பந்தக்காரனிடம் பணத்தைக் கொடுத்து, அவன் ஒரே அச்சில் வார்த்த பெட்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டுப் போகும்படி விடவில்லை. குடும்பத்தின் பெயரிலே வங்கிக் கணக்கு. அடித்தளம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் முடிந்தால் ஒரு தவணை, கூரை முடிந்தால் ஒரு தவணை. தன் வீட்டைத் தானே நின்று கட்டினான் உழவன். கணவனை இழந்தவள் தானே மண் சுமந்து கட்டினாள். வடக்கிலே ஒரு வீட்டுக்கு இலங்கைப் பணத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய். சிமெண்டும் மணலும் விலை ஏறியபோது அது போதவில்லை. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் முடித்த குடும்பங்கள் பல. ஆயினும் முறை நல்ல முறை. மக்களை நம்பிச் செய்த முறை.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறோம்? வீடு கட்டுவதிலே மக்களை நம்பிய டில்லி, நாடு கட்டுவதிலே அவர்களை நம்ப மறந்தது என்பதைச் சுட்டத்தான்.

செங்கத்துப் பக்கமோ போளூர்ப் பக்கமோ ஒரு குடியானவரிடம் போய், "ஐயா, உமக்கு நல்ல வீடு கட்டித் தருகிறோம். ஆனால் உம் மல்லாட்டைக் கொல்லைப் பக்கம் மட்டும் போகாதீர். அங்கே படை முகாம் இருக்கிறது. கிணற்றுப் பக்கமும் போகாதீர். அது வேலிக்கு உள்ளே இருக்கிறது. உம் ஊரை ஆள்வது யார் என்றும் கேட்காதீர், மேலேயிருந்து அனுப்பிய அதிகாரி ஆள்வார்" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வாரா? உங்கள் முகத்திலே அடித்துத் திருப்பித் தருவாரா?

முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு மக்களுக்கு நேர்ந்தது அதுதான். 2012 செப்டம்பரிலே மெனிக்பாம் முகாமை மூடிய போது, அவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பவில்லை. வேறோர் இடத்திலே குடியமர்த்தி, மாதிரிக் கிராமம் என்று பெயர் சூட்டினர். சொந்த ஊர் கண்ணெதிரே, இடையிலே வேலி, வேலிக்கு அப்பால் இராணுவம். 2017-ல் அந்த மக்கள் வாயிற்புறத்திலே இரவு பகலாக உட்கார்ந்து போராடிய பிறகுதான், துண்டு துண்டாக நிலம் விடுவிக்கப்பட்டது. வலிகாமம் வடக்கிலே 1990-ல் வெளியேற்றப்பட்டோர் கதையும் அவ்வாறே. பகுதி பகுதியாக விட்டார்களேயொழிய, முழுதும் விடவில்லை. அதே 2017-ல் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியிலே வைத்துக்கொண்டு தாய்மார்கள் தெருவோரத்தில் அமர்ந்தனர். "என் மகன் எங்கே?" என்ற ஒரே கேள்விக்கு விடை கிடைக்காமலே, பல தாய்மார்கள் கண் மூடிவிட்டனர்.

முகாமிலிருப்போர் இதையெல்லாம் அறியாதவர்களா? உறவினர் அங்கே இருக்கின்றனர். நாள்தோறும் தொலைபேசியில் பேசுகின்றனர். கூரை இருக்கிறது என்று கேட்டால் மகிழ்கின்றனர். காணியைப் பற்றிக் கேட்டதும் மௌனமாகி விடுகின்றனர்.

காபூலும் கைதடியும்

சுவர் மட்டும் எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு டில்லிக்கு வேறெங்கோ போய்ப் பாடம் படிக்க வேண்டியதில்லை. ஆப்கானிஸ்தானிலே அதுவே படித்த பாடம் இருக்கிறது.

இருபதாண்டுக் காலத்தில் 300 கோடி டாலருக்கு மேல் இந்தியா அங்கே செலவிட்டது. ஜரஞ்சிலிருந்து தெலாராம் வரை 218 கிலோமீட்டர் சாலை போட்டது. ஹேரத் மாநிலத்திலே சல்மா அணையை 2016-ல் கட்டி முடித்தது. காபூல் நகரிலே நாடாளுமன்றத்துக்கு அழகிய கட்டடம் எழுப்பி, 2015 டிசம்பரிலே இந்தியப் பிரதமரே சென்று திறந்துவைத்தார். 2021 ஆகஸ்டில் தாலிபான் படை காபூலில் நுழைந்தது. கட்டடம் நின்றது, அதில் உட்கார வேண்டிய மன்றம் மறைந்தது. அமெரிக்கா கொட்டிய பணமோ இந்தியா செலவிட்டதைப் போலப் பன்மடங்கு. அந்தப் பணத்தாலும் அந்த மன்றத்தைக் காக்க முடியவில்லை. சிமெண்டு நின்றது, மக்களாட்சி நிற்கவில்லை.

காபூல் தொலைவிலே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் கைதடி இருக்கிறது. அங்கே வடக்கு மாகாண சபைக்கு ஒரு கட்டடம் உண்டு. 2013 செப்டம்பரிலே தேர்தல் நடந்தது. 38 இடங்களில் 30 இடங்களைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பிடித்தது. மக்கள் என்ன விரும்புகிறார்கள் என்பதிலே ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. ஆனால் அந்தச் சபைக்குக் காவல்துறை அதிகாரமும் தரப்படவில்லை. காணி அதிகாரமும் தரப்படவில்லை. 2018 அக்டோபரிலே சபையின் காலம் முடிந்தது. அதன்பின் 2019 போயிற்று, 2020 போயிற்று. ஒரு குடியரசுத் தலைவர் 2022-ல் நாட்டைவிட்டே ஓடினார். 2024-ல் புதியவர் வந்தார். அந்த ஆண்டும் முடிந்தது. மாகாண சபைத் தேர்தல் மட்டும் வரவில்லை! மக்கள் தேர்ந்தெடுத்தோர் இல்லாத இடத்திலே, மேலிடம் அனுப்பிய ஆளுநர்.

காபூலிலே மன்றத்தை அழித்தது துப்பாக்கி. கைதடியிலே அழித்தது தாமதம். காலியான நாற்காலி காலியான நாற்காலிதான்.

வேறு விதமாக நடந்த இடமும் உலகில் உண்டு. போஸ்னியாவை எடுத்துக்கொள்வோம். 1995-ல் டேட்டன் நகரில் பேசி முடித்த உடன்படிக்கையிலே, ஓடிப்போனவர்கள் திரும்பிவரும் உரிமையையும், பறிபோன வீட்டையும் நிலத்தையும் திரும்பப் பெறும் உரிமையையும் தனி இணைப்பாகவே எழுதினர். எழுதியதோடு விடவில்லை, பிறர் வீட்டில் குடியேறியிருந்தோரை வெளியேற்றி, உரியவரிடம் சாவி கொடுக்கும் வரை அயல்நாட்டு அதிகாரிகள் விடாப்பிடியாக நின்றனர். 2004-ல் திரும்பி வந்தோர் தொகை பத்து இலட்சத்தைத் தொட்டது. போஸ்னியா பொன்னுலகம் ஆகிவிட்டது என்று நாம் கூறவில்லை. பகை அங்கே இன்னும் புகைகிறது. வீட்டைத் திரும்பப் பெற்று விற்றுவிட்டுப் போனவரும் உண்டு. ஆனால் "என் வீடு எனக்கு வேண்டும்" என்று கேட்டவனுக்கு அங்கே சட்டம் துணை நின்றது.

நம்மிடம் அப்படி ஓர் உடன்படிக்கை இல்லையா? உண்டு! 1987 ஜூலை 29 அன்று கொழும்பிலே இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட உடன்படிக்கை. தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் திரும்புவது அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மாகாண சபை பிறந்ததும் அதன் விளைவாகத்தான். அவ்வாண்டு நவம்பரில் வந்த 13-வது சட்டத்திருத்தம் அதன் குழந்தை. அந்த உடன்படிக்கைக்குப் பிறகு இந்தியப் படை அங்கே சென்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பலி கொடுத்து, தமிழ் மக்களின் சாபத்தையும் சிங்கள மக்களின் வெறுப்பையும் ஒருசேரச் சம்பாதித்துக்கொண்டு 1990 மார்ச்சில் திரும்பியது. படை கொண்டு அமைதி நாட்ட முடியாது என்பது அந்தப் பாடம். டில்லி அந்தப் பாடத்தைப் படித்தது. ஆனால் படையோடு சேர்த்து உடன்படிக்கையையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது!

மாற்றார் கேட்கும் கேள்விகள்

இதைச் சொன்னால் மூன்று கேள்விகள் நம்மை நோக்கி வரும். மூன்றுக்கும் விடை கூறுவோம்.

"அது இன்னொரு நாட்டின் உள்நாட்டு விவகாரம், இந்தியா தலையிடலாமா?" என்பது முதற்கேள்வி. பிற நாட்டு ஆட்சியைக் கவிழ்க்கச் சொல்லவில்லை. படை அனுப்பச் சொல்லவில்லை. அந்நாடே கையெழுத்திட்ட உடன்படிக்கையை, அந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே எழுதியுள்ள விதியை, நிறைவேற்றும்படி கேட்கச் சொல்கிறோம். கடன் பத்திரத்திலே இரண்டு கையெழுத்து இருக்கும்போது, ஒருவர் மற்றவரைக் கேட்பது தலையீடு ஆகாது. கேட்காமலிருப்பதுதான் கடமை தவறுவது.

"வற்புறுத்தினால் கொழும்பு சீனாவிடம் போய்விடும்" என்பது இரண்டாவது. வற்புறுத்தாத காலத்திலே போகாமல் இருந்ததா? 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போகவில்லையா? துறைமுகத்துக்குத் துறைமுகம், கடனுக்குக் கடன் என்று சீனாவோடு போட்டி போட்டு இந்தியா வெல்ல முடியாது. பணப்பை பெரியது யாரிடம் என்பது உலகறிந்த செய்தி. சீனாவிடம் இல்லாதது ஒன்று இந்தியாவிடம் உண்டு. அது பாக் நீரிணையின் இரு கரையிலும் உள்ள மக்களின் உறவு. 2022-ல் அந்நாடு பெட்ரோலுக்கும் மருந்துக்கும் திண்டாடிய போது இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. 40,000 டன் அரிசியும், 500 டன் பால்பொடியும், மருந்தும் அனுப்பத் தமிழகம் முன்வந்தது. சட்டமன்றத்திலே தீர்மானம் நிறைவேற்றி, தமிழருக்கு மட்டுமல்ல, பசித்த சிங்களவருக்கும் இசுலாமியருக்கும் என்று சொல்லி அனுப்பியது. அந்த நல்லெண்ணம் எந்தத் துறைமுகக் குத்தகையைவிடவும் வலிமை உடையது. உதவியவனுக்கு உரிமையோடு பேச வாயும் உண்டு. அந்த வாயை டில்லி திறக்க வேண்டும் என்கிறோம். 2025 ஏப்ரலிலே கொழும்பு சென்ற பிரதமர், மாகாண சபைத் தேர்தலை நடத்த வேண்டும் என்று சொன்னார், மறுக்கவில்லை. மேடையிலே சொல்வதற்கும், பேச்சு மேசையிலே முதற்பொருளாக வைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

மூன்றாவது கேள்வி நம்மைச் சுடுவதற்கென்றே எழுப்பப்படுவது. "2009-ல் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? சென்னையிலும் உங்கள் ஆட்சி. டில்லியிலும் உங்களுக்குப் பங்கு!" என்பார்கள்.

கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று தலைவர் கலைஞர் அண்ணா நினைவிடத்திலே உண்ணாநோன்பு மேற்கொண்டார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பு அறிவித்தது. அந்தச் சொல்லை நம்பி நோன்பு முடிந்தது. கொழும்பு சொல் காக்கவில்லை. குண்டு நிற்கவில்லை. அடுத்த மூன்று வாரங்களில் முள்ளிவாய்க்காலிலே நடந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அன்று போதிய அளவு தடுக்க முடியவில்லை என்ற வேதனையை நாம் மறைக்க விரும்பவில்லை. 2013 மார்ச்சிலே, இலங்கைத் தீர்மானத்துக்காக மத்திய அமைச்சரவையிலிருந்து கழகம் வெளியேறியபோதும் அந்த வேதனை தீர்ந்துவிடவில்லை. அந்த வேதனையே நமக்குக் கற்பித்தது இது: கொழும்பின் வாக்குறுதியை ஏட்டில் எழுதி வாங்கினால் போதாது, நிறைவேறும் நாள் வரை பக்கத்திலே நின்று கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். அன்றைய தவறுக்கு இன்றைய மௌனம் கழுவாய் ஆகாது.

நம் வீட்டுக் கணக்கு

பிறரைக் கேட்கும் முன் நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவதே நேர்மை.

வடகடலோரத் தமிழ் மீனவன் போர்க் காலத்திலே கடலில் இறங்க முடியாமல் கரையிலே பட்டினி கிடந்தான். போர் ஓய்ந்து, கடன் வாங்கிச் சிறு படகும் வலையும் வாங்கினான். இரவிலே நம் கரையிலிருந்து போகும் இழுவைப் படகுகள் அவன் வலையை அறுத்துச் செல்கின்றன என்று அவன் முறையிடுகிறான். நம் மீனவரைச் சிறைபிடிப்பதையும் சுடுவதையும் நாம் ஒருநாளும் ஏற்க மாட்டோம். ஆனால் அவன் முறையீட்டையும் செவி கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்; அவனும் தமிழன், அவன் அடுப்பும் எரிய வேண்டும். இழுவைப் படகை விட்டு ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற நம் மீனவனுக்குத் தாராளமாகப் பணம் தருவது டில்லியின் பொறுப்பு. இலங்கையில் வீடு கட்டக் கோடிகள் தந்த டில்லி, அந்த வீட்டு அடுப்பு எரிய இதையும் செய்யலாமே!

முகாம்களைப் பற்றியும் சொல்வோம். 2021-ல் கழக ஆட்சி அமைந்ததும், அகதிகள் முகாம் என்ற பெயரை நீக்கி மறுவாழ்வு முகாம் என்றழைத்தார் முதலமைச்சர் ஸ்டாலின். 317 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, இடிந்த வீடுகளுக்குப் பதில் 7,469 வீடுகள் கட்டத் திட்டமிட்டார். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயாக உதவித்தொகை உயர்ந்தது. இவை நல்ல செயல்கள், போற்றுகிறோம். ஆனால் கொழும்புக்குக் கூறியதை நமக்கும் கூறிக்கொள்ள வேண்டும்: சுவர் மட்டும் போதாது. புதிய வீட்டிலே குடியிருப்பவனும் கணக்கெடுப்புக்கு வரிசையிலே நிற்கிறான். படித்துப் பட்டம் பெற்ற பெண்ணும், "நீ எந்த நாட்டவள்?" என்ற கேள்வியின் முன்னே தலை குனிகிறாள்.

குடியுரிமை தரும் அதிகாரம் சென்னையிடம் இல்லை, டில்லியிடம் இருக்கிறது. 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயரை எழுதியவர்களுக்கு, 30 கிலோமீட்டர் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையின் பெயர் நினைவுக்கு வரவில்லை! 2025 செப்டம்பரிலே, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் மீது, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனை இல்லை என்று ஓர் ஆணை போட்டனர். வரவேற்கிறோம். ஆனால் "உன்னைச் சிறையில் தள்ள மாட்டேன்" என்பது வேறு. "நீ என் வீட்டார்" என்பது வேறு.

திரும்பிச் செல்ல விரும்பியவர் நிலையாவது சீராக இருந்ததா? 2025 மே மாதம் ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டிலே தமிழகத்திலிருந்து ஊர் திரும்பிய ஒரு முதியவர், பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். அவர் செய்த குற்றம்? பல ஆண்டுகளுக்கு முன், உரிய அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறியது! குண்டு விழும் வேளையிலே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், முத்திரை குத்திய தாள் வாங்க எந்த அலுவலகத்துக்குப் போவான்? எதிர்ப்பு எழுந்த பிறகு, விதியை மாற்றுவதாகக் கொழும்பு சொன்னது. ஆனால் அந்த ஒரு செய்தி, 108 முகாம்களிலும் மூட்டை கட்ட நினைத்த எத்தனை கைகளை நிறுத்தியிருக்கும் என்பதை எந்த அறிக்கையும் கணக்கிட்டுச் சொல்லாது.

டில்லிக்கு

ஆகவே நாம் கேட்பது பெரிது ஒன்றுமல்ல.

இலங்கையோடு இனிப் போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் போதும் — அது மின்சாரமோ, எண்ணெயோ, பாலமோ — மாகாண சபைத் தேர்தலும் காணி விடுவிப்பும் பேச்சின் முதற்பொருளாக இருக்கட்டும். எந்த ஊரில் எத்தனை ஏக்கர் விடுவிக்கப்பட்டது என்று ஆண்டுக்கொரு முறை நாடாளுமன்றத்தில் கணக்கு வைக்கட்டும். வீட்டுக் கணக்கு வைத்தவர்கள் காணிக் கணக்கும் வைக்கலாம்.

திரும்பிச் செல்ல விரும்புவோர் சிறைக்கஞ்சாமல் செல்ல, இரு அரசுகளும் எழுத்திலே உறுதி தரட்டும். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது 2023 அக்டோபரில். சுற்றுலாப் பயணிக்கு ஓடும் கப்பல், நாற்பதாண்டுக் குடித்தனத்தின் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஊர் திரும்பும் குடும்பத்துக்கும் இடம் தரட்டும்.

இங்கேயே இருக்க விரும்புவோருக்குக் குடியுரிமை வழங்கட்டும். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, மலையகத் தோட்டத் தொழிலாளர்களிலே இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று பங்கு பிரித்தனர். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போவதா, இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த மக்களே. அந்தத் தவறு இன்னொரு முறை நடக்க வேண்டாம்.

1957-ல் கழகத்தின் குரல் முதன்முதலாக மக்களவையில் ஒலித்தபோது, அங்கு சென்ற இருவரில் ஒருவரை அனுப்பிவைத்த தொகுதி இந்தத் திருவண்ணாமலை. டில்லியை நோக்கி உரத்துப் பேசுவது இவ்வூருக்குப் புதிதன்று. இன்றும் பேசுகிறது.

அடுத்த முழுநிலா நாளிலும் இங்கே இலட்சக்கணக்கில் மக்கள் வருவர். வலம் முடித்ததும் பேருந்தேறி ஊர் திரும்புவர். ஊர் திரும்புவது அவர்களுக்கு ஒரு பேருந்துச் சீட்டு. இதே மாவட்டத்து முகாமிலே இருக்கும் நம் உடன்பிறப்புக்கோ, அது நாற்பதாண்டுக் கனவு. அவன் தன் காணியிலே கால் வைக்கும் நாளிலே, அல்லது இந்த மண்ணிலே தலை நிமிர்ந்து "நான் குடிமகன்" என்று சொல்லும் நாளிலேதான், 2009-ல் ஓய்ந்த போர் உண்மையில் முடிந்தது என்று நாம் எழுதுவோம். அதுவரை, டில்லி தரும் வீட்டுக் கணக்கைப் படித்துவிட்டு, "சுவர் எழுந்தது, வாழ்வு எழுந்ததா?" என்று கேட்டுக்கொண்டேயிருப்போம்.